ஒரு காக்காய்கூட வரவில்லை
(வாசகர் கேள்வி – பதில்)

சென்ற மாதம் இந்தப் பகுதியில், "பிள்ளைகள் ஏதாவது கண்டுபிடிக்கப் போய்ச் சொதப்பிய கதை உங்களிடம் இருந்தால் எழுதுங்கள், கேள்வி இருந்தால் கேளுங்கள்" என்று சொல்லியிருந்தேன். இவ்வளவு கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. எல்லாவற்றையும் படித்துவிட்டேன், இந்த இதழில் கொள்கிற அளவுக்குப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: நான் ஐந்தாம் வகுப்பு ஆசிரியை. ஆண்டு மலருக்காக ஒரு சிரிப்புக் கதை எழுதினேன். ஒரு சிறுவன் ஏதேதோ பொடிகளைக் கலக்கிறான், 'டமார்' என்று வெடிக்கிறது, முகமெல்லாம் கரி, தலைமுடி நட்டுக்கொண்டு நிற்கிறது. வகுப்பில் வாசித்தேன், இரண்டு பேர்தான் சிரித்தார்கள். எங்கே தவறு?
— வாசகி, கோவில்பட்டி

பதில்: டீச்சர், அந்தக் கரி முகமும் நட்டுக்கொண்ட முடியும் பிள்ளைகள் கார்ட்டூனில் நூறு தடவை பார்த்தது. அடுத்து வெடிக்கப் போகிறது என்று அவர்களுக்கு முதல் வரியிலேயே தெரிந்துவிடும். அதைவிடப் பெரிய குறை ஒன்று இருக்கிறது. உங்கள் சிறுவன் எதற்காகக் கலக்கினான் என்று கதையில் இல்லை. அவனுக்கு ஒரு திட்டம் இருக்க வேண்டும், அந்தத் திட்டம் முக்கால்வாசி சரியாகவும் இருக்க வேண்டும், ஒரே ஒரு இடத்தில் மட்டும் அவன் ஒன்றை மறந்திருக்க வேண்டும். அந்த மறதியைக் கேட்கிற பிள்ளை கதாநாயகனுக்கு முன்னாலேயே கண்டுபிடித்துவிட்டால் வகுப்பே எழுந்து நின்று கத்தும். நான் பிள்ளைகளிடம் அடிக்கடி சொல்கிற கதை ஒன்றைச் சொல்கிறேன், எங்கே கத்துவார்கள் என்று பாருங்கள்.

பங்குனி வெயில். ஆச்சி விடிகாலையில் எழுந்து, முந்தின இரவே காய்ச்சி வைத்த அரிசிக் கூழில் சீரகம், பச்சை மிளகாய், பெருங்காயம் எல்லாம் சேர்த்து, தாத்தாவின் பழைய வேட்டியை நனைத்துப் பிழிந்து மாடியில் விரித்து, கரண்டி கரண்டியாக வடகம் ஊற்றுகிறாள். இருநூறு வடகம். நாலு மூலைக்கும் நாலு செங்கல். "குட்டி, காக்காய் வராமப் பார்த்துக்கோ" என்று பேத்தியிடம் சொல்லிவிட்டுக் கீழே போய்விட்டாள்.

குட்டிக்கு எட்டு வயது. காலை முழுக்க வெயிலில் உட்கார்ந்து 'ச்சூ ச்சூ' என்று கத்த அவளுக்கு மனசில்லை, அதற்கு ஒரு இயந்திரம் செய்தால் என்ன என்று யோசிக்கிறாள். பழைய பவுடர் டப்பா நாலைந்தை எடுத்து, உள்ளே கூழாங்கல் போட்டு, கயிற்றில் கோத்து வடகத்துக்கு மேலே கட்டினாள். கயிற்றை இழுத்தால் 'கடகட கடகட'. காக்காய் பறந்துவிட்டது. சரி, யார் இழுப்பது? முதலில் கயிற்றின் ஒரு முனையை வாசல் கதவில் கட்டிப் பார்த்தாள். பால்காரர் வந்தார், கடகட. பேப்பர் போடுகிற அண்ணன் வந்தார், கடகட. பத்து மணிக்கு மேல் வீட்டுக்கு யாரும் வரவில்லை, காக்காய் மட்டும் வந்தது.

அப்போதுதான் முற்றத்தில் கட்டியிருந்த வெள்ளாட்டைப் பார்த்தாள். ஆடு ஒரு நிமிடம்கூடச் சும்மா நிற்காது. தலையை ஆட்டும், முதுகைச் சொறியும், ரெண்டடி போகும், ரெண்டடி வரும். கயிற்றை ஆட்டின் கழுத்தில் கட்டினால் நாள் முழுக்கச் சம்பளம் இல்லாத வேலைக்காரன்! கட்டினாள். மாடியில் இருக்கிற இன்னொரு முனையை எதிலாவது கட்ட வேண்டுமே? ஆன்டெனா கம்பம் தூரத்தில் இருக்கிறது, கயிறு எட்டவில்லை. பக்கத்தில் இருப்பது வேட்டி. வேட்டி நுனியில்தான் செங்கல் கனமாக உட்கார்ந்திருக்கிறதே, அசையவா போகிறது என்று வேட்டி நுனியிலேயே ஒரு முடிச்சுப் போட்டாள்.

இங்கேதான் முதல் கத்தல் வரும். "ஐயோ, அங்கே கட்டாதே!"

ஆட்டை முளையில் கட்டியிருந்த கயிறு எட்டு முழம். குட்டியின் டப்பாக் கயிற்றிலோ ஆடு நாலு முழம் போகிற அளவுக்குத்தான் தளர்வு. ஆடு மூன்று முழத்துக்குள் சுற்றிக்கொண்டிருந்த வரைக்கும் எல்லாம் அருமையாக நடந்தது. கடகட, காக்காய் ஓட்டம், கடகட, காக்காய் ஓட்டம். குட்டி நிழலில் உட்கார்ந்து மாங்காய் தின்றாள். மத்தியானம் பக்கத்து வீட்டு அத்தை ஒரு கட்டு அகத்திக்கீரையைக் கொண்டுவந்து ஆட்டுக்கு ஏழு முழம் தள்ளி வைத்துவிட்டுப் போனார்.

இரண்டாவது கத்தல்.

ஆடு பாய்ந்தது. மேலே செங்கல் சரிந்தது, வேட்டி சரசரவென்று கைப்பிடிச் சுவரைத் தாண்டி, காற்றில் ஒரு தடவை விரிந்து, மெதுவாக இறங்கி ஆட்டின் மேலேயே விழுந்தது. தலையில் வேட்டியும் முதுகில் இருநூறு வடகமும் பவுடர் டப்பாச் சத்தமுமாக ஆடு முற்றத்தை மூன்று சுற்றுச் சுற்றியது. தூக்கத்திலிருந்து எழுந்து வந்த ஆச்சி பார்க்கிறாள், தாத்தாவின் வேட்டி நாலு காலில் ஓடுகிறது. மாடியிலிருந்து குட்டி எட்டிப் பார்த்து, அத்தனை சந்தோஷமாக, "ஆச்சி, இன்னிக்கு ஒரு காக்காய்கூட வரலை!" என்கிறாள்.

கதை அவ்வளவுதான். போன மாதம் ஒரு நூலகத்தில் இதைச் சொன்னபோது, முடித்ததும் ஒரு சிறுமி வந்து தாளில் படம் போட்டுக் காட்டினாள்: கயிற்றை ஆன்டெனாவில் கட்டியிருக்க வேண்டும், கயிறு பத்தவில்லை என்றால் ஆச்சியின் பழைய புடவையைக் கிழித்து நீளமாக்கியிருக்கலாம். அவள் கதைக்குள்ளேயே போய் இயந்திரத்தைப் பழுது பார்த்துவிட்டாள் டீச்சர். உங்கள் வெடிக்கிற கதையில் பழுது பார்க்க ஒன்றுமில்லை. எந்தப் பொடி, எவ்வளவு, ஏன் வெடித்தது, ஒன்றும் தெரியாதே.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கடைசியில் குட்டிக்கு அடி விழுந்தது என்று எழுதாதீர்கள். ஆச்சி சிரித்தாளா, திட்டினாளா என்பதைப் பிள்ளைகளே முடிவு பண்ணட்டும். அப்புறம், குட்டியை முட்டாளாகவும் காட்டாதீர்கள். அவள் யோசித்த வரைக்கும் சரியாகத்தான் யோசித்தாள், நாம் சிரிப்பது வேட்டி ஓடுவதைப் பார்த்து.

கேள்வி: எட்டு வயது மகனுக்கு எடிசன் கதை சொன்னேன். ரயிலில் சோதனை செய்து தீப்பிடித்தது, கார்டு அறைந்தார், காது செவிடானது என்று. "நிஜமாவா?" என்று கேட்கிறான். நிஜமா?
— வாசகி, திருச்சி

பதில்: தீப்பிடித்தது நிஜம். எடிசன் 1859இல், 12 வயதில், அமெரிக்காவின் போர்ட் ஹூரனுக்கும் டெட்ராய்ட்டுக்கும் நடுவே ஓடிய ரயிலில் பத்திரிகையும் மிட்டாயும் விற்கச் சேர்ந்தார். சாமான் பெட்டியின் ஒரு மூலையில் புட்டி புட்டியாக ரசாயனம் வைத்துச் சின்ன ஆய்வுக்கூடமே நடத்தினார். அதே பெட்டியில் அச்சு இயந்திரம் வைத்து ஒரு வாரப் பத்திரிகையும் போட்டார். ஒருநாள் வண்டி குலுங்கியதில் பாஸ்பரஸ் குச்சி கீழே விழுந்து பற்றிக்கொண்டது. வெள்ளைப் பாஸ்பரஸைத் தண்ணீருக்குள் போட்டுத்தான் வைப்பார்கள், காற்றுப் பட்டால் தானாகவே எரியும். ஓடுகிற ரயிலில், ஆடுகிற அலமாரியில் அதை வைத்ததுதான் அவர் மறந்த ஒன்று. ஆளையும் சாமானையும் சேர்த்து இறக்கிவிட்டார்கள்.

காது விஷயம் வேறு. அறை வாங்கியதால்தான் செவிடானார் என்று நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். எடிசனே பிற்காலத்தில் சொன்னது, கை நிறையப் பத்திரிகையோடு நகர்கிற வண்டியில் ஏறத் தடுமாறியபோது ஒருவர் அவரைக் காதைப் பிடித்து மேலே தூக்கினார், அப்போது காதுக்குள் ஏதோ நொடித்த மாதிரி இருந்தது என்று. அதனால் அறைந்த கதையை விட்டுவிடுங்கள். பையனுக்கு இன்னும் நல்ல கதை ஒன்று இருக்கிறது, எடிசன் உயிரோடு இருந்தபோதே, 1910இல் வந்த அவருடைய வாழ்க்கை வரலாற்றில் உள்ளது.

அவர்கள் வீட்டில் எடுபிடி வேலைக்கு மைக்கேல் ஓட்ஸ் என்றொரு பையன் இருந்தான். அந்தக் காலத்தில் வயிற்றைச் சுத்தம் பண்ண ஒரு பொடி விற்றார்கள், தண்ணீரில் போட்டால் புஸ்ஸென்று பொங்கும். சின்ன எடிசன் யோசித்தார்: இந்தப் பொடியிலிருந்து வாயு வருகிறது, பலூன் வாயுவால் பறக்கிறது, ஆகவே மைக்கேலுக்கு நிறையப் பொடி கொடுத்தால் மைக்கேல் பறப்பான். கொடுத்தார். மைக்கேல் பறக்கவில்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு அலறினான். எடிசனின் அம்மா கடிகாரத்துக்குப் பின்னால் சொருகி வைத்திருந்த பிரம்பை எடுத்தார்.

கதையை இங்கே நிறுத்திவிட்டு மகனிடம் கேளுங்கள், மைக்கேல் ஏன் பறக்கவில்லை? அந்தப் பொடியில் இருப்பது சோடா உப்பும் புளிப்பு அமிலமும். இரண்டும் சேர்ந்தால் வருவது கார்பன் டை ஆக்சைடு, அது காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம். அதை அடைத்த பலூன் தரையில்தான் உட்காரும். சரி, லேசான வாயுவாகவே இருக்கட்டும், ஹீலியம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் ஹீலியம் ஏறக்குறைய ஒரு கிராமைத் தூக்கும். உங்கள் மகன் 25 கிலோ இருந்தால் 25,000 லிட்டர் வேண்டும். 10 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரம் உள்ள ஓர் அறையில் கொள்வது 28,000 லிட்டர். வயிற்றுக்குள் ஒன்றிரண்டு லிட்டர் கொள்ளும். "அப்போ என் வயிறு இந்த ரூம் அளவுக்கு இருந்தா பறப்பேனா?" என்று அவன் நிச்சயம் கேட்பான். அந்த வயிற்றுத் தோலே எத்தனை கிலோ இருக்கும் என்று திருப்பிக் கேளுங்கள். பதில் அடுத்த கடிதத்தில் இருக்கிறது.

சொல்லும்போது ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சேர்த்துச் சொல்லுங்கள். எதையும் தானும் குடித்துப் பார்க்கக் கூடாது, தம்பிக்கும் கொடுத்துப் பார்க்கக் கூடாது.

கேள்வி: விஞ்ஞானிகளின் சிறுவயதுக் கதைகள் எல்லாமே "பிறகு அவர் பெரிய ஆள் ஆனார்" என்றே முடிகின்றன. என் பத்து வயது மகள் செய்த மோட்டார் படகு குளத்தில் மூழ்கிவிட்டது. "நானும் பெரிய ஆள் ஆனாத்தான் இதுக்கு மதிப்பா அப்பா?" என்று கேட்டாள். என்ன சொல்வது?
— வாசகர், சேலம்

பதில்: இந்தக் கேள்வியைக் கேட்ட உங்கள் மகளை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அவளிடம் ராக்கெட் விஞ்ஞானி ராபர்ட் கோடார்டைப் பற்றிச் சொல்லுங்கள். ஆனால் ராக்கெட்டில் ஆரம்பிக்காதீர்கள், வேலியில் ஆரம்பியுங்கள்.

கோடார்ட் 1882இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வூஸ்டர் என்ற ஊரில் பிறந்தவர். ஐந்து வயது இருக்கும்போது, கம்பளத்தில் காலைத் தேய்த்தால் பொறி பறக்கும் என்று அப்பா காட்டினார். பையன் ஒரு பேட்டரியை உடைத்து உள்ளே இருந்த துத்தநாகத் துண்டை எடுத்துக்கொண்டான். துத்தநாகத்தோடு சரளைக்கல் பாதையில் காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்தால் உடம்பில் மின்சாரம் ஏறும், அப்புறம் குதித்தால் ரொம்ப உயரம் போகலாம் என்பது திட்டம். தேய்த்தான், வேலியில் ஏறினான், குதித்தான். வழக்கமாக எவ்வளவு உயரமோ அவ்வளவுதான். அம்மா பார்த்துவிட்டு, "ஜாக்கிரதை, நிஜமாவே வேலை செஞ்சுதுன்னா நீ பாட்டுக்குப் பறந்து போயிடுவே, திரும்பி வர முடியாது" என்கிற மாதிரிச் சொன்னார். பையன் பயந்துபோய்த் துத்தநாகத்தை ஒளித்து வைத்துவிட்டான். ஐந்து வயசுப் பிள்ளைக்கு அது எவ்வளவு நியாயமான பயம் பாருங்கள்! போவதற்கு வழி கண்டுபிடித்தாயிற்று, வருவதற்கு இன்னும் யோசிக்கவில்லை.

16 வயதில் அலுமினியத் தகட்டில் பலூன் செய்தார். ஐந்து வாரம் வீட்டுப் பட்டறையில் உட்கார்ந்து செய்து, ஹைட்ரஜன் நிரப்பி விட்டுப் பார்த்தார். அது எழும்பவே இல்லை. குறிப்பேட்டில் அலுமினியம் கனம் அதிகம் என்று எழுதி, முயற்சி தோல்வி என்றும் எழுதினார். அந்த 'தோல்வி' என்கிற சொல்லையே எழுத்துப் பிழையோடு எழுதியிருக்கிறார். பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் அவர்களுக்கு அந்தப் பையன் பக்கத்து பெஞ்சுக்காரன் ஆகிவிடுகிறான்.

ஏன் எழும்பவில்லை? மேலே 'வயிற்றுத் தோல் எத்தனை கிலோ' என்று கேட்டேனே, அதே கணக்குதான். பலூனின் குறுக்களவை இரண்டு மடங்கு ஆக்கினால் தகடு நாலு மடங்கு வேண்டும், உள்ளே பிடிக்கிற வாயுவோ எட்டு மடங்கு ஆகும். ஆகவே சின்னதாகச் செய்தால் தகட்டின் கனமே ஜெயித்துவிடும், பெரிதாகச் செய்யச் செய்ய வாயு ஜெயிக்கும். வீட்டுப் பட்டறையில் அடங்குகிற அளவில் அலுமினியப் பலூன் நடக்கிற காரியமில்லை. அவர் எண்ணம் தப்பு என்று இதற்கு அர்த்தம் இல்லை. அதற்குக் கொஞ்ச காலம் முன்னால், 1897இல், டேவிட் ஷ்வார்ட்ஸ் என்பவர் வடிவமைத்த அலுமினிய ஆகாயக் கப்பல் பெர்லினில் நிஜமாகவே மேலே எழும்பியது. இறங்கும்போது நொறுங்கியது, அது வேறு. 1929இல் அமெரிக்கக் கடற்படைக்காக உலோகத் தோல் போட்ட ஓர் ஆகாயக் கப்பல் பறந்து பல வருஷம் ஓடவும் செய்தது. பையன் மறந்தது அளவை மட்டும்தான்.

1926 மார்ச் 16ஆம் தேதி, 43 வயதில், ஆபர்ன் என்ற ஊரில் அத்தையின் பண்ணையில் உலகின் முதல் திரவ எரிபொருள் ராக்கெட்டை அவர் விட்டார் என்பது எல்லாரும் சொல்வது. இரண்டரை விநாடி பறந்தது, 41 அடி உயரம், 184 அடி தள்ளி முட்டைக்கோஸ் பாத்தியில் போய் விழுந்தது. படம் பிடிக்க அவர் மனைவி எஸ்தர் நின்றார், ராக்கெட் உடனே எழும்பாமல் சண்டித்தனம் பண்ணியதில் கேமராவுக்குக் கொடுத்த சாவி தீர்ந்துபோனது. முட்டைக்கோஸைச் சொன்னால் மகள் சிரிப்பாள்.

ஆனால் அவள் கேட்டதற்குப் பதில் அந்த ராக்கெட் இல்லை. அலுமினியப் பலூன் தோற்றதற்கு அடுத்த நாளே கோடார்டுக்கு உலோகத்தின் கனத்தைப் பற்றி ஒன்று தெரிந்துவிட்டது, அதற்கு 1926 வரைக்கும் காத்திருக்கவில்லை. உங்கள் மகளுக்கும் படகு மூழ்கிய மறுநிமிடம் ஏதோ தெரிந்திருக்கும். பேட்டரி ஒரு பக்கமாக இருந்ததா, மோட்டார் அச்சு நுழைகிற ஓட்டை வழியாகத் தண்ணீர் ஏறியதா? அதைக் கேளுங்கள். அவள் சொல்வதை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதச் சொல்லுங்கள், எழுத்துப் பிழையைத் திருத்தாதீர்கள்.

கேள்வி: சோதனை சரியாக நடந்தும் ஊர் தப்பாகப் புரிந்துகொண்ட கதை உண்டா?
— வாசகர், மதுரை

பதில்: உண்டு. ஐசக் நியூட்டன் பள்ளியில் படித்த இங்கிலாந்தின் கிரந்தம் ஊரில், இருட்டின இரவுகளில் பட்டத்தின் வாலில் காகித விளக்கைக் கட்டிப் பறக்கவிட்டார். கிராமத்து ஜனம் வால்நட்சத்திரம் என்று பயந்து, சந்தை நாளில் மதுக் குவளையைக் கையில் வைத்துக்கொண்டு அதைப் பற்றியே பேசினார்கள். நியூட்டனை நேரில் அறிந்த வில்லியம் ஸ்டூக்லி அந்த ஊரில் விசாரித்து எழுதி வைத்தது இது. வால்நட்சத்திரம் சூரியனை எப்படிச் சுற்றுகிறது என்று பின்னாளில் கணக்குப் போட்டுக் காட்டியதும் அதே ஆள்தான் என்பதில் எனக்கு ஒரு தனிச் சந்தோஷம்.

கேள்வி: குச்சி ஐஸை ஒரு பையன் மறதியால் கண்டுபிடித்தானாமே?
— ஏழாம் வகுப்பு மாணவன், விருதுநகர்

பதில்: ஆமாம் தம்பி. பிராங்க் எப்பர்சன், 1905, வயது 11, கலிபோர்னியா. சோடாப் பொடியைத் தண்ணீரில் கலக்கிவிட்டு, கலக்கின குச்சியோடு வெளித் திண்ணையில் மறந்து வைத்துவிட்டான். ராத்திரிக் குளிரில் உறைந்துவிட்டது. காலையில் குச்சியைப் பிடித்துத் தூக்கி நக்கிப் பார்த்தான். பெரியவனாகி 1924இல் காப்புரிமை வாங்கினார். தன் பெயரைச் சேர்த்து 'எப்சிக்கிள்' என்று பெயர் வைத்தார், அவர் பிள்ளைகளோ 'பாப்', அதாவது அப்பாவோட ஐஸ் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு அதுவே 'பாப்சிக்கிள்' ஆகிவிட்டது. விருதுநகரில் நீ திண்ணையில் மறந்து வைத்தால் எறும்புதான் வரும், பிரிட்ஜில் வை.

கேள்வி: எங்கள் ஊர்ப் பக்கம் சின்கோனா மரம் பற்றிப் பெரியவர்கள் பேசுவார்கள். மலேரியா மருந்தான குயினைன் செய்யப் போய் ஒரு பையன் சாயம் கண்டுபிடித்தானாமே, அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?
— வாசகர், கூடலூர்

பதில்: நல்ல இடத்தில் பிடித்தீர்கள். லண்டனில் வில்லியம் பெர்க்கின், வயது 18, 1856 ஈஸ்டர் விடுமுறை, வீட்டிலேயே சின்ன ஆய்வுக்கூடம். குயினைனில் எத்தனை கார்பன், எத்தனை ஹைட்ரஜன் என்று அப்போது தெரியும், அவை எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்று தெரியாது. எண்ணிக்கை பொருந்துகிற இரண்டு சரக்கைச் சேர்த்தால் குயினைன் வந்துவிடும் என்று அவர் கணக்குப் போட்டார். அரிசி மாவு, உளுந்து மாவு, வெண்ணெய், உப்பு எல்லாம் அளந்து வைத்துவிட்டால் முறுக்கு வந்துவிடாது, சீடையும் அதே சாமான்தானே. அவருக்கு முதலில் கிடைத்தது அழுக்குச் சிவப்புப் பொடி. அனிலின் என்ற வேறொரு ரசாயனத்தை வைத்துத் திரும்பச் செய்து பார்த்ததில் கறுப்பாக ஒரு கசடு. புட்டியைச் சாராயம் விட்டுக் கழுவும்போது ஊதா நிறம் இறங்கியது, பட்டில் தோய்த்தால் ஒட்டிக்கொண்டு போகவே இல்லை. அதுதான் 'மாவ்' சாயம்.

பெர்க்கினுக்குக் குயினைன் கிடைக்காததால், பட்டையில் குயினைன் உள்ள சின்கோனா மரத்தை நம்பியே இருக்க வேண்டியிருந்தது. தென் அமெரிக்காவிலிருந்து சின்கோனாவைக் கொண்டுவந்து 1860களில் உங்கள் நீலகிரியில் நட்டார்கள். நடுவட்டத்தில் பட்டையிலிருந்து குயினைன் எடுத்த தொழிற்சாலை அதன் தொடர்ச்சிதான்.

கேள்வி: மகன் (9 வயது) ரேடியோ, டார்ச், மிக்ஸி எதையும் விட்டு வைப்பதில்லை, கழற்றிவிடுகிறான். கண்டிக்கவா, விடவா?
— வாசகி, தஞ்சாவூர்

பதில்: டார்ச்சை விடுங்கள், மிக்ஸியை விடாதீர்கள். சுவரில் சொருகுகிற எதையும் தனியாகத் தொடக் கூடாது, 230 வோல்ட் இரண்டாவது வாய்ப்புத் தராது. சொருகியைப் பிடுங்கிய பிறகும் சில சாதனங்களுக்குள் மின்சாரம் தங்கியிருக்கும். செல்போன் பேட்டரியைக் குத்தவோ வளைக்கவோ விடக் கூடாது, தீப்பிடிக்கும். பொத்தான் பேட்டரியைச் சின்னக் குழந்தை விழுங்கிவிட்டால் ஓரிரு மணி நேரத்திலேயே உணவுக் குழாயை அரித்துவிடும், ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். இந்த மூன்றும் பேச்சுக்கே இடமில்லாத விஷயம்.

மற்றபடி அவனுக்கு ஒரு தகர டப்பா, ஒரு ஸ்க்ரூ டிரைவர், இரண்டு பென்டார்ச் செல், பழைய பொம்மைக் காரிலிருந்து எடுத்த மோட்டார் கொடுங்கள். கழற்றிய ஸ்க்ரூவை ஒரு தட்டில் கழற்றிய வரிசையில் வைக்கப் பழக்குங்கள். என் அப்பா எனக்கு இட்லித் தட்டு கொடுத்தார், குழிக்கு ஒரு ஸ்க்ரூ.

கேள்வி: நான் ஐந்தாம் வகுப்பு. களிமண்ணில் எரிமலை செய்து, உள்ளே ஒரு பாக்கெட் ஆப்ப சோடா முழுசும் கொட்டி அரை எலுமிச்சம்பழம் பிழிந்தேன். கொஞ்சம் புஸ்ஸுன்னு வந்துச்சு, அவ்வளவுதான். எல்லாரும் சிரிச்சுட்டாங்க. ஏன்?
— மாணவி, மணப்பாறை

பதில்: கண்ணு, சோடாவில் குறை இல்லை, எலுமிச்சைதான் போதவில்லை. ஒரு டீஸ்பூன் ஆப்ப சோடா கிட்டத்தட்ட 5 கிராம். அது முழுசும் வேலை செய்தால் ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் வாயு வரும், ஒரு பெரிய தண்ணீர் பாட்டிலைவிட அதிகம்! ஆனால் அந்த ஒரு டீஸ்பூனுக்கே மூன்று எலுமிச்சம்பழச் சாறு தேவைப்படும். நீ ஊற்றியது அரைப் பழம். உன் பாக்கெட்டில் முக்கால்வாசிக்கும் மேல் ஒன்றும் ஆகாமல் அடியில் அப்படியே உட்கார்ந்திருக்கும், போய்ப் பார், வெள்ளையாக இருக்கும்.

இந்த முறை இப்படிச் செய். வாய் குறுகலான ஒரு சின்ன பாட்டிலை நடுவில் வைத்துச் சுற்றிக் களிமண் பூசு, வாய் அகலமாக இருந்தால் வாயு சத்தமில்லாமல் போய்விடும். பாட்டிலுக்குள் ஒரு டீஸ்பூன் சோடா, கொஞ்சம் தண்ணீர், பாத்திரம் கழுவுகிற லிக்விட் நாலு சொட்டு, சிவப்புக்குக் கேசரிப் பவுடர் ஒரு சிட்டிகை. அந்த லிக்விட் வாயுவை நுரைக்குள் பிடித்து வைக்கும், எரிமலைக் குழம்பு மாதிரி வழிய வைப்பது அதுதான். சாறு முழுவதையும் முதலிலேயே ஒரு டம்ளரில் பிழிந்து, விதை எடுத்து வைத்துக்கொள், ஊற்றும்போது ஒரே மூச்சில் ஊற்று, சொட்டுச் சொட்டாக விடாதே. பழம் விலை ஏறியிருந்தால் அம்மாவிடம் வினிகர் கேள், அரை டம்ளருக்குக் கொஞ்சம் குறைவாகப் போதும்.

பாட்டிலை மூடி போட்டு மூடவே கூடாது, வாயு சேர்ந்து வெடிக்கும். முகத்தை மேலே கொண்டுபோய் எட்டிப் பார்க்காதே. பொங்கி முடித்ததும் பாட்டிலைத் தொட்டுப் பார், ஜில்லென்று இருக்கும். நிஜ எரிமலை சுடும், உன் எரிமலை ஏன் குளிர்கிறது என்று உன் டீச்சரிடம் கேள். மொத்தம் எத்தனை பழம் ஆனது, எவ்வளவு தூரம் வழிந்தது என்று ஸ்கேல் வைத்து அளந்து எனக்கு எழுது, அடுத்த இதழில் போடுகிறேன்.